துணி துவைக்கிற கல்லைப் பற்றி யார் சொன்னது

முருகன் துணை

ராயபுரம்
8.6.2025, ஞாயிறு

அன்பு மகள் நீலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. திருச்செந்தூரான் புண்ணியத்தில் நான் இங்கே நடமாட்டமாக இருக்கிறேன், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன். நானாகத்தான் நம்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது, நீ சொன்னால்தானே எனக்குத் தெரியும். மாசி மாதச் சண்டைக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை, வாட்ஸப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். போன் என்றால் பாதியில் கட் பண்ணிவிடுவாய், கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படிக்காமல் கிழிக்க மாட்டாய், நீ உன் அம்மா வளர்ப்பு. அன்றைக்கு நான் உன்மேல் ஒரு பழியைப் போட்டேன் அல்லவா, நம் வீட்டைப் பற்றி வெளி ஆட்களுக்குத் துப்புக் கொடுத்தது நீதான் என்று, அது யார் கொடுத்த துப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது. அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. முழுதும் படி, நடுவில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது, காசிமேட்டில் போட்டெல்லாம் பெயிண்ட் அடித்துக் கிளம்பத் தயாராக நிற்கிறது, நம் கடையில் கயிறு நன்றாகப் போகிறது, நைலான்தான், தென்னங்கயிற்றை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மாத்தூர் அத்தைக்கு மூட்டு வலி, மருந்தைவிட அவள் பேச்சுதான் நமக்கு வலி. மணலி ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால் முன்போலவே நாற்றம்தான், ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று பக்ரீத், பக்கத்து வீட்டு ஷம்ஷாத் பிரியாணி கொடுத்து அனுப்பினாள், கொஞ்சம்தான் சாப்பிட்டேன், நீ நம்பமாட்டாய், உண்மையாகவே கொஞ்சம்தான். சர்க்கரை அளவு பரவாயில்லை. உன் அம்மா கண்ணை மூடின புரட்டாசியிலிருந்து நானே ரசம் வைத்துக்கொள்கிறேன், சில நாள் ரசமாக இருக்கும், சில நாள் வெறும் புளித்தண்ணீராக இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் நம் வாசலில் வந்து நின்றார்கள் என்று உனக்கு அப்போதே போனில் சொன்னேன், ஆனால் சொன்னேனா கத்தினேனா என்று எனக்கே தெரியாது, அதனால் திரும்பவும் சொல்கிறேன். ஒருவர் சவரிநாதன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ஆளும் கிரேன் மாதிரிதான் நெடுநெடுவென்று இருப்பார். இன்னொருவர் காஜா மொய்தீன், வண்ணாரப்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. மூன்றாவது ஷெர்லின் என்று ஒரு பெண், பாங்கில் வேலை பார்க்கிறாள், உன்னைவிடச் சின்னவள். தாங்கள் வடகரை வரலாற்று வட்டம் என்றும், பழைய கல், பழைய கட்டடம், பழைய பானை ஓடு இதையெல்லாம் லீவு நாளில் போய்ப் பார்த்து எழுதி வைப்பது வழக்கம் என்றும் சொன்னார்கள். சரி, வேலை இல்லாதவர்கள், நன்கொடைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது சவரிநாதன் சொன்னார், அண்ணாச்சி, உங்க வூட்டுக்குப் பின்னாடி துணி தொவைக்கிற கல்லு ஒண்ணு கீதாமே, அதுக்கு அடியில எழுத்து கீதாமே, ஒரு தபா பாத்துட்டுப் போயிடறோம் என்று. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

அந்தக் கல் பின்கட்டில், கக்கூஸுக்குப் போகிற வழியில், இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் கிடக்கிறது. நாம் வீடு வாங்கும்போதே அப்படித்தான் கிடந்தது. அதன் அடிப்பக்கத்தில் எழுத்து இருப்பதே நீ சின்னப் பிள்ளையில் ஒளிந்து விளையாடும்போது அடியில் படுத்துக்கொண்டு, அப்பா இதுல என்னமோ எழுதிருக்கு என்று கத்தியதால்தான் தெரியும். அதற்குப் பிறகு அதை யார் குனிந்து பார்த்தார்கள்? அந்த எழுத்து தெரிந்த ஆள் இந்த உலகத்தில் மூன்றே பேர், நான், நீ, உன் அம்மா. அதில் உன் அம்மா போய்விட்டாள், நான் யாரிடமும் சொல்லவில்லை. மிச்சம் யார்? கடைக்காரன் புத்தி இப்படித்தான் ஓடும். நான் அவர்களிடம், யாரு வேய் உமக்குச் சொன்னது, எங்க வீட்டுப் பின்கட்டு ஒமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சவரிநாதன் அந்தப் பெண்ணைப் பார்த்தார், அந்தப் பெண் காஜா மொய்தீனைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். மடியில் கனம் இல்லாதவன் ஏன் தரையைப் பார்க்கிறான்? எழுத்தும் இல்ல கிழுத்தும் இல்ல, நடையைக் கட்டுங்க என்று கதவைச் சாத்திவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே வாரம் புரோக்கர் அப்பாவு கடைக்கு வந்தான், கயிறு வாங்குகிற மாதிரி ஒரு சுருளைத் தடவிக்கொண்டே, இன்னா அண்ணாச்சி, தனியா கஸ்டப்பட்டுகினு கீறீங்க, வூட்ட குடுக்குற ரோசனை எதுனா கீதா என்று கேட்டான். நீ உன் அம்மா காரியம் முடிந்த கையோடு, வீட்டைக் கொடுத்துவிட்டு என்கூட டப்ளினுக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னவள். இங்கே தெருவில் எல்லாரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா, பழைய கல்வெட்டு ஒன்று ஒரு வீட்டில் கிடைத்துவிட்டால் சர்க்கார் வந்து சுற்றிக் கம்பி கட்டிவிடும், ஒரு ஆணி அடிக்க முடியாது, பயந்துபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான் என்று. ஆக நான் முடிச்சுப் போட்டேன். மகள் துப்புக் கொடுக்கிறாள், இவர்கள் கல்லைக் காட்டி மிரட்டுகிறார்கள், அப்பாவு வாங்குகிறான், கிழவன் விமானம் ஏறுகிறான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அன்றைக்கே உனக்குப் போன் போட்டு, பெத்த அப்பன் இருக்கும்போதே வீட்டுக்கு விலை பேசுதியா என்று கேட்டேன். நீ இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குக் குரல் ஏறிற்று. கடைசியில் ஒரு வார்த்தை சொன்னேன், உன் அம்மா இருந்தா உன் மூஞ்சில முழிக்க மாட்டா என்று. நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அந்த வார்த்தையை என் வாயிலிருந்து திருப்பி எடுக்க முடிந்தால் இந்தக் கடையை எழுதிக் கொடுப்பேன்.

ஆனால் அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லையே தாயி, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. அதனால் பங்குனியில் நானே போய் அந்த வட்டத்தில் சேர்ந்தேன். சிரிக்காதே. திருடனைத் தெருவில் நின்று பார்ப்பதைவிட அவன் பாயிலேயே போய் உட்கார்ந்து பார்ப்பது மேல் என்று கணக்குப் போட்டேன். தண்டையார்பேட்டையில் ஒரு டெய்லர் கடைக்கு மேலே சின்ன அறை, சுவர் முழுக்கப் பழைய வரைபடம், தரையில் பாய். நான் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எனக்கு மரியாதை கொடுக்கிற அளவுக்கு இவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்று அப்போதே உறைத்தது. சந்தாவைக் கொடுத்துப் பெயர் சொல்ல வாயைத் திறந்தால், அதற்கு முன்னாலேயே சவரிநாதன் ஆறுமுகநயினார் என்று எழுதிவிட்டார், ஒரு பிழை இல்லாமல். டீ வந்தது. எல்லோருக்கும் ஒரே தூக்கிலிருந்து ஊற்றின அந்த ஷெர்லின் எனக்கு மட்டும் தனியாக ஒரு தம்ளர் கொண்டுவந்து, அங்கிள் உங்களுக்குச் சக்கரை இல்லாம என்று நீட்டினாள். எனக்குச் சர்க்கரை இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு காஜா மொய்தீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இப்ப முட்டி வலி எப்படி கீது அண்ணாச்சி என்று கேட்டார். என் முட்டிவரைக்கும் துப்புக் கொடுத்திருக்கிறாளே படுபாவி மகள் என்று மனசுக்குள் வைதேன். டீயைக் குடித்தேன், நன்றாக இருந்தது, அதையும் சந்தேகப்பட்டேன்.

ஞாயிறு தோறும் அவர்கள் கூட்டமாக எங்காவது போவார்கள், நானும் போனேன். திருவொற்றியூர் கோயில் மதிலில் கல்வெட்டுப் படித்தார்கள், ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள், அந்த எழுத்தில் ஆடு எத்தனை, விளக்கு எத்தனை என்று. எந்தக் காலத்திலேயோ யாரோ கோயிலுக்குக் கொடுத்த ஆட்டுக்கு இன்றைக்கு இவர்கள் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொரு நாள் மீஞ்சூர் தாண்டி ஒரு ஏரிக்கரைக்குப் போனோம், உழுத நிலத்தில் பானை ஓடு கிடந்தது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் முற்றியது. எப்படி என்றால், ஒருத்தர் ஒரு ஓட்டை எடுக்கிறார், மண்ணைத் தட்டுகிறார், பக்கத்தில் அளவுக்கு ஒரு அடிக்குச்சி வைத்துப் போட்டோ எடுக்கிறார், எங்கே கிடந்தது என்று எழுதுகிறார், பிறகு எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறார். திரும்ப வைக்கிறார் நீலா! கையில் கிடைத்ததை எவனாவது கிடந்த இடத்திலேயே திரும்ப வைப்பானா? பிறகு வந்து சாவகாசமாக அள்ளிப் போக அடையாளம் வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. நான் ஒருத்தரும் பார்க்காதபோது ஒரு ஓட்டை வேட்டியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன், நாளைக்குச் சாட்சிக்கு ஆகும் என்று. வீட்டுக்கு வந்து பார்த்தால் அது வெறும் ஓடு. அடுத்த வாரம் சவரிநாதன் என்னிடம் வந்து தணிந்த குரலில், அண்ணாச்சி, அத்த எங்கேருந்து எடுத்தீங்கனு மட்டும் சொல்லுங்க, இடம் தெரியலன்னா அது பேச்சு போன ஓடு என்றார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

எல்லோரிலும் காஜா மொய்தீனின் பைமேல்தான் எனக்குக் கண். போகும்போது தொங்கும், வரும்போது உப்பியிருக்கும். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் அவர் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகாமல் யானைக்கவுனிப் பக்கம் பஸ் ஏறினார். நானும் பின்வாசலில் ஏறி, அவர் இறங்கின இடத்தில் இறங்கினேன். இங்கேதான் பழைய சாமான் விற்கிற ஆள் யாரோ இருக்கிறான், இன்றைக்கு வசமாக மாட்டினான் என்று நினைத்துக்கொண்டு, வெயிலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாகப் பின்னால் போனேன். அவர் ஒரு காகிதக் கடைக்குள் போய், கெட்டியான வெள்ளைத் தாளாகப் பார்த்து, கையால் தடவித் தடவி, ஒரு சுருள் வாங்கினார். பிறகு மயிர் அடர்ந்த பெரிய பிரஷ் ஒன்று. வெளியே வந்து திரும்பாமலே, எம்மாந்தூரம் பின்னாடியே வந்துகினு கீறீங்க அண்ணாச்சி, காலு நோவாதா, வாங்க ஒரு டீ சாப்புடலாம் என்றார். மானம் போய்விட்டது. டீக்கடையில் உட்கார்ந்ததும் இந்தத் தாள் எதற்கு என்று கேட்டேன். கல்லை நனைத்து இந்தத் தாளை ஒட்டி, பிரஷால் அடித்து, மேலே மை ஒற்றினால் எழுத்து அப்படியே தாளில் வரும், மைப்படி என்று பேர், பையில சுருட்டி வச்சினு வர்றதும் அதுதான், இது உங்க கல்லுக்குத்தான் அண்ணாச்சி, நீங்க வட்டத்துல சேந்ததே அதுக்குத்தான்னு நெனச்சினு கீறோம் என்றார். எனக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொத்துக்கொண்டது. டீக்கடை என்றும் பார்க்காமல், என் மகள்தானே வேய் உங்களை ஏவிவிட்டது, எவ்வளவு பேசினீங்க, உண்மையைச் சொல்லும் என்று கத்தினேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பொண்ணா, அவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாதே அண்ணாச்சி, சீனியம்மாக்கா தான் சொன்னாங்க என்றார்.

எந்தச் சீனியம்மா என்று கேட்டேன். கேட்டேன் பார், கட்டிய பெண்டாட்டி பெயரைச் சொன்ன ஆளிடம் எந்தச் சீனியம்மா என்று கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். உன் அம்மா இரண்டு வருஷமாக அந்த வட்டத்தில் இருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவாளே, கோயிலுக்குத்தான் போயிருக்கிறாள், பொய் சொல்லவில்லை. அங்கே இவர்கள் மதிலைப் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கேட்டிருக்கிறாள், அடுத்த வாரமும் நின்றிருக்கிறாள், அதற்கடுத்த வாரம் பாயில் உட்கார்ந்துவிட்டாள். வாசிக்கிற கண்ணாடி காஜா மொய்தீன் கடையில்தான் போட்டிருக்கிறாள், நான் அதைத் தெருமுனையில் வாங்கிய மலிவுக் கண்ணாடி என்று கேலி பண்ணியிருக்கிறேன். வீட்டில் நான் கடைக்குப் போனபிறகு முகம் பார்க்கிற கைக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கல்லுக்கு அடியில் எட்டிப்பார்த்து ஓரெழுத்து ஈரெழுத்தாகக் கூட்டிப் படித்து, ஒரு பொம்பளை பேர் இருக்கு என்று இவர்களிடம் சொல்லியிருக்கிறாள். உன் அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தபோது, நீ வந்து சேருவதற்கு முன்னால், ஒரு கூட்டம் மாலையோடு வந்து ஓரமாக நின்றது, கோயில் ஆட்கள் என்று நினைத்தேன். இவர்கள்தான். மாசியில் வாசலுக்கு வந்தபோதும் அவள் பெயரைச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள், நான் பாய்ந்த பாய்ச்சலில் வாயடைத்துவிட்டது. பிறகு நானே வந்து சேர்ந்ததும், பெண்டாட்டி நினைவாக வந்திருக்கிறார், துக்கம் ஆறாத மனுசன், அவரா பேச்சை எடுக்குற வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது என்று சவரிநாதன் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். நான் அவர்களை வேவு பார்க்க, அவர்கள் என் துக்கத்துக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். அந்த டீக்கடையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. காஜா மொய்தீன் காசைக் கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு ஷெர்லின் தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். எண்ணூர்ப் பக்கம், பின்னால் புகைபோக்கி தெரிகிறது, காற்றில் உன் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குடையோடு நிற்கிறாள். சுற்றிலும் இத்தனை பேர் நிற்க, இவள் பேசுகிறாள் நீலா. தலையில சுமையோட வாறவளுக்கு இறக்க ஒரு கை வேணும்லா, திரும்பத் தூக்கிவிட ஒரு கை வேணும்லா, ஆளில்லாத பாதையில அந்தக் கல்லுதான் கை, எங்க ஊர்ப் பக்கம் பிள்ளை வயித்துல இருக்கையிலேயே செத்துப்போனவ பேருக்கு இதை நட்டு வைப்பாக என்று சுமைதாங்கியைப் பற்றிச் சொல்கிறாள். யாரோ ஏதோ கேட்க, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என்னிடம் இத்தனை நேரம் அவள் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஷெர்லினைக் கேட்டேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நாங்களும் கேட்டோம் அங்கிள், ஆன்ட்டி சொன்னாங்க, அவுக தங்கமான மனுசருதான், ஆனா ஒண்ணு சொன்னா ஒம்பது கேப்பாக, எவன் நடத்துதான், எதுக்கு நடத்துதான், அவனுக்கு என்ன லாபம்னு, அந்த ஒம்பதுக்கும் பதில் சேத்து வச்சிக்கிட்டு ஒரு நாள் சமயம் பாத்துச் சொல்லுதேன் அப்படின்னு. சமயம் பார்த்து. நான் என்ன கலெக்டரா, என்னிடம் பேச அவள் இரண்டு வருஷம் சமயம் பார்த்திருக்கிறாள். சமயம் வரவில்லை, காய்ச்சல்தான் வந்தது.

போன ஞாயிறு கல்லைப் புரட்டினோம். கடையிலிருந்து நல்ல தென்னங்கயிறு கொண்டுவந்து நானே கட்டினேன், நைலான் வழுக்கும் என்று சொன்னேன், சவரிநாதன் கிரேன் ஓட்டின கையால் சைகை காட்ட எல்லோரும் சேர்ந்து பிடித்தோம். காஜா மொய்தீன் தாளை ஒட்டி அடித்தார். விளம்பி வருஷம் ஆனி மாதம், வீராசாமி பெண்சாதி தாயாரம்மாள் பேருக்கு வைத்த சுமைதாங்கி தர்மம் என்று இருக்கிறது, நடுவில் கொஞ்சம் சிதைந்து போயிருக்கிறது. எந்த விளம்பி என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எங்கேயோ ரோட்டோரத்தில் இரண்டு தூணுக்கு மேலே கிடந்த கல்லை, வீடு கட்டியவர்கள் யாரோ கட்டுக்கல்லோடு வண்டியில் அள்ளி வந்திருக்கிறார்கள். எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. உன் அம்மா திடீரென்று ஒரு நாள் இடுப்பு வலி என்று சொல்லி வாஷிங் மிஷின் கேட்டாளே, துவைக்கிற கல் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மிஷின் எதுக்கு, எலி எதுக்கு எட்டு முழ வேட்டி கட்டுது என்று நான் கத்தி, ஷம்ஷாத் வீட்டில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறாள் என்று அந்தப் பிள்ளைமேலும் பழி போட்டேன். இடுப்பு வலி இல்லை. வயிற்றுப்பிள்ளையோடு செத்துப்போன ஒருத்தி பெயர் இருக்கிற கல்லில் துணியை ஓங்கி அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதைக்கூட என்னிடம் இடுப்பு வலி என்றுதான் சொல்ல முடிந்திருக்கிறது. கல்லை எழுத்து வெளியே தெரிகிற மாதிரி சுவரோரம் நிறுத்திவைத்திருக்கிறோம். சர்க்கார் வரவில்லை, கம்பி கட்டவில்லை. வந்தால் என்ன செய்வது என்று சவரிநாதனிடம் கேட்டதற்கு, வந்தா டீ குடுங்க அண்ணாச்சி என்கிறார். அப்பாவு விஷயமும் விசாரித்துவிட்டேன், எதிர் வீடு விலை போனதிலிருந்து இந்தச் சந்தில் ஒரு வீடு விடாமல் கேட்டுக்கொண்டு திரிகிறான், அவனுக்கு உன்னையும் தெரியாது, கல்லையும் தெரியாது.

ஆக நீ ஒன்றும் செய்யவில்லை. நான்தான் உன்னை அப்படிப் பேசினேன், செத்துப்போனவளை இழுத்துவைத்துப் பேசினேன். அப்பாவை மன்னித்துவிடு தாயி. பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது என்பார்கள், ஆகாவிட்டால் பரவாயில்லை, எனக்குக் கேட்டாக வேண்டும். நான் பிறவியிலேயே இப்படித்தான். கடையில் ஒருவன் பேரம் பேசாமல் கயிறு வாங்கினால் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், அது இனி மாறாது. ஆனால் உன் அம்மா என் பக்கத்திலேயே படுத்திருந்து, என் ஒன்பது கேள்விக்குப் பயந்து, அவளுக்குப் பிடித்த ஒரே காரியத்தை ஒளித்துவைத்துச் செய்திருக்கிறாள் என்று நினைத்தால் ராத்திரி எழுந்து அந்தக் கல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். உனக்கு அவள் சொன்னாளா? உண்மையைச் சொல். உனக்குத் தெரிந்தே நீயும் மறைத்திருந்தால்கூட நான் கோபப்பட மாட்டேன், உன்னிடமாவது சொன்னாளே என்று நிம்மதியாகத்தான் இருக்கும். வீட்டை விற்பதாக இல்லை. மழைக்காலம் வரைக்கும் வட்டத்தில் வேலை இருக்கிறது, எண்ணூரில் அவள் விசாரித்து வைத்திருந்த இன்னொரு சுமைதாங்கியை அளக்கப் போகிறோம், நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க என்னைப் போட்டிருக்கிறார்கள். அதன்பிறகு குளிர் இல்லாத மாதமாகப் பார்த்து உன்னிடம் வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன், நீ கூப்பிட்டால்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வைகாசி பிறந்த சமயம், இங்கே காலை, உனக்கு அங்கே விடிந்திருக்காது, நேரக் கணக்கை யோசிக்காமல் உனக்குப் போன் போட்டுவிட்டேன். ஒரு பையன் எடுத்தான். தூக்கக் கலக்கத்தில் ஹலோ என்றான், பின்னால் உன் குரல் யாரது என்று கேட்டது, அதோடு போன் வைத்தாகிவிட்டது. அவன் யார், எந்த ஊர், என்ன ஆட்கள், எத்தனை நாளாக, ஒன்பது என்ன, தொண்ணூறு கேள்வி என் தொண்டையில் நிற்கிறது. ஒன்றையும் நான் கேட்கவில்லை. நீ பதில்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே அம்மா, என்னிடம் பேச நீயும் சமயம் பார்க்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்குப் போன் போடு, அழுகை வந்தால் அழுதுகொண்டே பேசு, அவன் பக்கத்தில் இருந்தால் அவனிடமும் கொடு.

கந்தன் கருணையால் நீ நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். நீ யாரோடு இருக்கிறாயோ அந்தப் பிள்ளைக்கும் இதே ஆசீர்வாதம்தான். ராத்திரி முழித்து வேலை செய்யாதே, தலைக்கு எண்ணெய் வை. ரசப்பொடி அரைத்து அடுத்த வாரம் பார்சல் போடப் போகிறேன், அந்தப் பையனுக்குக் காரம் ஆகுமா ஆகாதா என்று மறக்காமல் சொல், அதற்குத் தகுந்த மாதிரி மிளகாய் வறுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவுக்கும் குரலுக்கும் காத்திருக்கும் அப்பா,
சீ. ஆறுமுகநயினார்